பூசணிக்காய் முட்டுக் கொடுத்த சர்வர் ரூம்

இன்று காலை பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன்.

அதே கம்பெனியில் இன்று எனக்கு இன்டர்ன்ஷிப் முதல் நாள்!

சிரிக்காதீர்கள். முதலில் முழுக் கதையையும் கேளுங்கள்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை வெளிக் கம்பெனியில் செய்வதென்றால், காலேஜுக்கு லெட்டர் கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் அவர்களே ஒரு தலைப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு வைத்திருந்தது லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்.

(எங்கள் சீனியர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய சீனியர்களும் அதைத்தான் செய்தார்கள். லைப்ரரியில் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள்!)

"ஆயுத பூஜை லீவு முடிஞ்சு காலேஜ் திறக்கிற அன்னைக்கு லெட்டர் என் டேபிள்ல இருக்கணும்மா" என்றார் எச்ஓடி. "இல்லன்னா லைப்ரரிதான். சோர்ஸ் கோடு ரெடியா இருக்கு, உனக்கென்ன கஷ்டம்?"

எனக்கு நெட்வொர்க் செக்யூரிட்டிதான் வேண்டும். அதனால் இரண்டு மாதம் வெறி பிடித்தது போலப் படித்தேன்.

அல்சூர் பிரௌசிங் சென்டரில், கைப்பிடி உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து ஃபயர்வால், என்க்ரிப்ஷன் எல்லாவற்றையும் முடித்தேன். ஜோகுபாளையம் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் போர்ட் நம்பர் லிஸ்ட் (கம்ப்யூட்டருக்குள் போகும் வாசல்களின் எண்கள்) ஒட்டினேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"இருபத்தி ரெண்டு?"

"எஸ்எஸ்எச்."

"நானூத்தி நாப்பத்தி மூணு?"

"எச்டிடிபிஎஸ்."

"என்ன கருமமோ தெரியல, ஆனா கரெக்டா சொல்ற!"

ஏகப்பட்ட கம்பெனிகளுக்கு பயோடேட்டா அனுப்பினேன். கூப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஆபீஸில் ஆயுத பூஜை போடும் நாளில், காலை ஒன்பதரைக்கு. மறுநாளிலிருந்து லீவு. அன்றைக்கு விட்டால் லைப்ரரிதான்!

இரண்டு பஸ் மாறி, டிராஃபிக்கில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தால், கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"லிஸ்ட்ல உங்க ஹெசரு இல்ல மேடம்." (ஹெசரு என்றால் கன்னடத்தில் பெயர்.)

"இன்டர்வியூ இருக்குண்ணா. எச்ஆர் மேடம்தான் வரச் சொன்னாங்க."

"ஹெசரு இல்லன்னா உள்ள விட முடியாது மேடம்."

எச்ஆர் மேடத்துக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவருடைய காலர் ட்யூன் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்போதுதான் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வாழைக்கன்று, பூ, பூசணிக்காய், பொரி மூட்டை. பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஆபீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். அதில் ஓர் அக்கா என்னைப் பார்த்தார்.

"சும்மாதானே நிக்கிற? இதைக் கொஞ்சம் பிடிம்மா!"

பொரி மூட்டை என் கையில் வந்தது. வாட்ச்மேன் தானே கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்!

லிஸ்டும் இல்லை, ஹெசரும் இல்லை.

மூன்றாவது மாடி. அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் என்று போர்டு. கார்டு தேய்த்தால்தான் திறக்கிற கனமான கதவு. அது மூடிவிடாமலிருக்க ஒரு பூசணிக்காயை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே சர்வர் ரூம்! ஒவ்வொரு சர்வருக்கும் சந்தனம், குங்குமம். பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்த சீட்டுக்கும் ஒரு பொட்டு.

எனக்கும் குங்குமம் கொடுத்தார்கள்.

"எந்த டீம்மா நீ? பார்த்ததே இல்லையே" என்றார், கற்பூரத் தட்டோடு நின்றவர். செக்யூரிட்டி டீம் மேனேஜர் சதாசிவம் சார் என்று அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

"எந்த டீமும் இல்ல சார்! இன்டர்வியூவுக்கு வந்தேன். லிஸ்ட்ல பேர் இல்லன்னு அரை மணி நேரம் வெளியில நிக்க வெச்சாங்க. கையில பொரி வந்ததும் சர்வர் ரூம் வரைக்கும் வந்துட்டேன். யாருன்னு ஒரு ஆள் கேக்கல! கதவுக்குப் பூசணிக்காய், பாஸ்வேர்டுக்குப் பொட்டு. ரெண்டு மாசமா ஃபயர்வால் படிச்சேன் சார், எதுக்குன்னே புரியல!"

மணிச்சத்தம் நின்றுபோனது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போச்சு, லைப்ரரிதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

சார் பூசணிக்காயைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடு. என்ன தப்பு, என்ன செய்யணும், எல்லாம்."

ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கடுப்பு தீர எழுதினேன். கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்: யாராக இருந்தாலும், கையில் என்ன இருந்தாலும், லிஸ்டில் பெயர் இல்லாதவரை உள்ளே விடக் கூடாது.

அதுதான் இன்டர்வியூ! சாயங்காலம் லெட்டரும் சுண்டலும் கையில்.

"நானூத்தி நாப்பத்தி மூணு கேக்கவே இல்லையா?" அம்மாவுக்குச் சரியான கோபம். "அப்ப நான் எதுக்குடி மனப்பாடம் பண்ணேன்?"

எச்ஓடிக்கோ வேறு கவலை. "அப்ப லைப்ரரிய யாருக்குக் குடுக்கிறது?"

சரி, இன்றைக்கு வருவோம். இஸ்திரி போட்ட சுடிதார், புதுப் பை. அதே கேட், அதே வாட்ச்மேன், அதே ரிஜிஸ்டர்.

"லிஸ்ட்ல ஹெசரு இல்ல மேடம்."

"அண்ணா! என்னைத் தெரியலையா? பொரி மூட்டை!"

"நல்லா தெரியுது மேடம். ஆனா ரூல் மாறிடுச்சு." சுவரைக் காட்டினார்.

லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். என் கையெழுத்தேதான், ஜெராக்ஸ்! அந்த அடிக்கோடு உட்பட.

சதாசிவம் சாருக்குப் போன் செய்தேன். "சார், கேட்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"லிஸ்ட்ல பேர் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப அவர் சரியாத்தானே பண்றாரு!"

எச்ஆர் மேடம் போனை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. (காலர் ட்யூன் இன்னும் மாறவில்லை.) அவ்வளவு நேரமும் என் கையெழுத்துக்குக் கீழேயே நின்றேன்.

இதில் கொடுமை என்னவென்றால், மேடம் இன்று ஒரு நாளைக்கு மட்டும்தான் என் பெயரை லிஸ்டில் எழுதியிருக்கிறார்.

நாளைக்குப் பொரி மூட்டையோடு போகலாம் என்றால், அந்த வழியையும் நானே அடைத்துத் தொலைத்துவிட்டேன்!

நான் எப்படித்தான் உள்ளே போவது? யாராவது சொல்லுங்களேன்!