போட்டிருக்கு சார்

எனக்குக் கோபம் வர ஒரே ஒரு சொல் போதும். "போட்டிருக்கு சார்." நோட்ஸில் போட்டிருக்கு, பேப்பரில் போட்டிருக்கு, புத்தகத்தில் போட்டிருக்கு. போட்ட ஆள் யார் என்பது அந்தச் சொல்லில் இருக்கவே இருக்காது. ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில் தொண்ணூறுகளில் நான் நூலகராக வேலை பார்த்தேன். புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் தூசி தட்டுவதும் போக, வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். ஒரு விஷயத்தை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்பதுதான் பாடம். பரீட்சை கிடையாது என்பதால் மதிப்பும் கிடையாது. பாதிப் பேர் ஜன்னல் வழியாக பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் உட்கார்ந்து பாடம் நடத்தியதே இல்லை. அலமாரிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

இந்த வகுப்பை நான்தான் முதல்வரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் ஒரு விடைத்தாள் கட்டு. வரலாற்று ஆசிரியர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். வகுப்பில் பெரும்பாலோர் ஒரு பதிலின் நடுவே "பார்க்க: படம் 4" என்று எழுதியிருந்தார்கள். படம் எதுவும் இல்லை. கடையில் விற்கும் நோட்ஸில் அப்படிப் போட்டிருந்தது, இவர்களும் போட்டுவிட்டார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் ஒன்றைப் போட்டவன்.

எண்பதுகளில் அதே கல்லூரியில் நான் மாணவன். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். கடைசி வருடம் கல்லூரி ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியர் என்று என்னைப் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மலர் அச்சானது. கடைசிப் பக்கத்துக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் தலையைத் தூக்கி, "தம்பி, எட்டு வரிக்கு எடம் காலியாக் கெடக்கு. என்னத்தையாவது எழுதித் தாங்க, மிஷின் சும்மா நிக்கி" என்றார்.

மத்தியானப் பசி வேறு. நின்றபடியே எழுதினேன். கான்சாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெருமழையில் கண்மாய் உடையப் பார்த்தபோது, ஒரு பெண் தன்னந்தனியாக இறங்கி மடையைத் திறந்து ஊரைக் காப்பாற்றிவிட்டு வெள்ளத்தோடு போய்விட்டாள். ஊரார் அவளை இன்றும் மறக்கவில்லை. அவ்வளவும் கப்சா. அந்த ஊரை நான் ஒரே ஒரு முறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன், கண்மாயைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பெண்ணுக்குப் பெயர் வேண்டுமே. ராஜபாளையத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். ஒரு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவன், அவள் பெயரை அச்சிலாவது பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயரை இப்போதும் சொல்ல மாட்டேன். எட்டு வரி கச்சிதமாக நின்றது. "பத்திரிகைக்காரரு தோத்தாரு போங்க" என்றார் கம்பாசிட்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அதை மறந்தே போனேன் என்றுதான் சொல்ல ஆசை. மறக்கவில்லை. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த மலர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். யாராவது அந்தப் பக்கம் போனால் கண் தானாக அங்கே போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பிரௌசிங் சென்டர் வந்தது. "போட்டிருக்கு" என்று சொல்ல இன்னோர் இடம் கிடைத்தது. "கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு சார்" என்று சொல்லும்போது குரலில் பக்தியே வந்துவிடும். நான் நாலு நாலு பேராக மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். ஒரு பக்கம் திரையில் முழுதாக வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் நான் நாலு கேள்விகளை ஓதிக்கொண்டே இருப்பேன். யார் போட்டா? எப்பப் போட்டா? எதுக்குப் போட்டா? வேற எங்கயாவது இருக்கா?

அந்தக் கேள்விகளை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. கேன்டீனில் ஒருவன், "ஏலே, வடை போட்டிருக்கு" என்பான். உடனே இன்னொருவன் என் நடையில் நடந்தபடி, "யார் போட்டா? எப்பப் போட்டா?" என்பான். கேன்டீன் மாஸ்டர் உட்படச் சிரிப்பார்கள். வடையைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான் என்று நானும் சொல்லிவிட்டுப் போவேன்.

அந்த நாலையும் நோட்டில் எழுதி, அதன்படி நடந்தவள் ஒருத்திதான். வரலாறு மூன்றாம் ஆண்டு. அப்பா ராணுவத்தில் இருந்தார். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். கல்லூரியில் அவர்களுக்கு ஒரு புராஜெக்ட் உண்டு, தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அவள் என் மேஜையில் ஒரு பிரிண்ட் அவுட்டை வைத்தாள்.

"போட்டிருக்குன்னு சொல்ல மாட்டேன் சார். எங்க ஊரு கம்மாயப் பத்தி வெளிநாட்டுல இருக்க ஒருத்தர் போட்டுருக்காரு. நம்ம பக்கத்து ஆளுதானாம். போன வருசம் போட்டது. அவருக்கு எப்படித் தெரியும்னுதான் தெரியல."

ஆங்கிலத்தில் இருந்தது. கான்சாபுரம். மடை. வெள்ளம். அப்புறம் அந்தப் பெயர்.

"அந்த அம்மனுக்கு மடைகிட்ட ஒரு கல்லு இருக்கு சார்" என்றாள். "கம்மா நெறஞ்சா ஊரே கூடிப் பொங்க வைப்போம். எங்க அக்கா மகளுக்குக்கூட அந்தப் பேருதான்."

என் எட்டு வரிக்கு ஒரு கல் முளைத்து, மஞ்சள் பூசி, பொங்கலும் வைத்து, பிள்ளைக்குப் பெயரும் விட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தவள் அம்மனாகியிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேற தலைப்பு எடுத்துக்கோயேம்மா" என்றேன்.

"நீங்கதான சார் விடாமத் தேடச் சொன்னீங்க" என்றாள்.

வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. மாணவனாக இருந்தபோது எழுதிய எட்டு வரிக்கு யார் வேலையைப் பிடுங்கப்போகிறார்கள்? ஆனால் இத்தனை வருடத்தில் என் பாடத்தை நிஜமாகவே வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அவள் முன்னால் பொய்யனாக நிற்பதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

அவள் அந்த வெளிநாட்டு ஆளுக்கு ஈமெயில் அனுப்பினாள். அதற்கென்றே சனிக்கிழமை ராஜபாளையம் போய், மறுசனிக்கிழமை பதிலைப் பார்க்கவும் போனாள். ஒரு செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில் படித்ததாக அவர் எழுதியிருந்தார். அடுத்து ஊர் நூலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளை அவிழ்த்தாள். இரண்டு நாள் தும்மிக்கொண்டே தேடி அந்த இணைப்பைக் கண்டுபிடித்தாள். அதில், "இவ்வட்டாரத்துக் கல்லூரி மலர் ஒன்றில் கண்ட செய்தி" என்று இருந்தது. ஒவ்வொரு படியையும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அது மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் மாதிரி கேட்டது.

அவள் வந்து சேர்வதற்குள் நான் அந்த மலரை எடுத்து டிபன் பையில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "புத்தகத்த ஏன் அங்கன வைக்கிய?" என்று கேட்டாள். பூச்சி இருக்கு என்றேன். புத்தகத்திலா அரிசியிலா என்று அவள் கேட்கும்போதே கோயில் பக்கம் நடந்துவிட்டேன். உள்ளே போய்ச் சாமியைக் கும்பிடவும் மனம் நிற்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பினேன். பூக்காரம்மா என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

மறுநாள் அவள் சிரித்த முகமாக வந்தாள். "நம்ம காலேஜ் மலராத்தான் சார் இருக்கும்" என்றவள், நேராக அக்செஷன் ரிஜிஸ்டரைக் கேட்டாள். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு எழுதி வைக்கும் பெரிய நோட்டு அது. அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். விரலை வைத்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினாள்.

"நம்பர் இருக்கு. அலமாரியில மட்டும் இல்ல சார்."

"பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. கம்பாசிட்டருக்கு எட்டு வரி எழுதிக் கொடுத்த அதே வேகம்.

இரண்டு நாள் அவளைக் காணவில்லை. அப்பாடா என்று இருந்தேன். மூன்றாம் நாள் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ராஜபாளையத்துல பைண்டர் அண்ணன் கடைக்குப் போனேன் சார். நம்ம லைப்ரரிப் புத்தகம் அம்புட்டும் அவருகிட்டத்தான போகும்னாவ. நோட்டப் பொரட்டிப் பாத்துட்டு லேதுன்னுட்டாரு."

வீட்டில் தெலுங்கு பேசும் அந்த பைண்டருக்கு "இல்லை" என்பதற்கு வாயில் முதலில் வருவது "லேது"தான். மறுநாள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மலரை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் எட்டு வரியைத் தேடவில்லை. முதலில் முன்பக்கத்தைத் திருப்பினாள். எதையும் படிக்கும் முன் அதைப் போட்டவர் யார் என்று பார் என்பது என் பாடம். ஆசிரியர் குழுவின் படம் இருந்தது. கிருதா வைத்து, பெரிய காலர் சட்டை போட்டு நடுவில் நின்றிருந்தவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் கடைசிப் பக்கத்துக்குப் போய் எட்டு வரியையும் படித்தாள்.

"இது யாருகிட்டக் கேட்டு எழுதுனீங்க சார்?"

"யாருகிட்டயும் கேக்கல. எடம் காலியா இருந்துச்சு. எழுதுனேன்."

"பேரு?"

"பஸ்ல கூட வந்த ஒரு பிள்ள பேரு."

"அவுக சொன்னாவளா, பேரு இதுதான்னு?"

"இல்லம்மா. அவகூட வந்த இன்னொரு பிள்ள கூப்பிடும், கேட்டிருக்கேன்."

"எத்தன தடவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பு மாதிரிதான் வெளியே வந்திருக்கும். ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஹாரன் சத்தத்தில். இத்தனை வருடத்தில் அது அவள் பெயர்தானா என்று நான் யோசித்ததே இல்லை.

"மன்னிச்சிரும்மா" என்றேன். "உள்ளத அப்படியே எழுதிரு. எம்பேரையும் போடு."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரங்களில் நூலகத்துக்கு வந்தாள், புத்தகம் எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், என்னிடம் பேசவில்லை. நான் அலமாரிக்கும் கதவுக்குமாக நடந்தேன். அவள் ஊரில் சொல்லியிருப்பாளா, அக்கா வீட்டில் என்ன சொல்வார்கள், அந்தப் பிள்ளையை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அதே நினைப்புதான்.

புராஜெக்ட் முடிந்து, நூலகத்துக்கு என்று ஒரு பிரதியைக் கொடுக்க வந்தாள். "ஊருல சொல்லிட்டேன் சார்" என்றாள்.

"என்ன சொன்னாவ?"

"எங்க அம்மா வைஞ்சுச்சு. 'நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே அந்தக் கல்லக் கும்புட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தேன், எவரோ காலேஜ்ல எழுதித்தான் எங்களுக்குத் தெரியணுமாக்கும்'னுச்சு. அப்ப பேரு என்னன்னு கேட்டேன். அம்மன்னுதான் சொல்லுவோம்னுச்சு. பேரு எப்ப வந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல."

அவள் போவதற்குள் பொறுக்க முடியாமல் பக்கங்களைப் புரட்டினேன். கண்மாயின் மடை பற்றிய இடத்தில் ஈமெயில், ஞாயிறு இணைப்பு, மலர் என்று வரிசையாகக் காட்டியிருந்தாள். கீழே சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது: "இக்கதை தாம் கற்பனையாக எழுதியது என்று கல்லூரி நூலகர் நேரில் கூறினார். அவர் கூறியதை வேறு எங்கும் உறுதி செய்ய முடியவில்லை."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எழுதுனத நானே சொல்லுதேன். அதுக்கு மேல என்னம்மா உறுதி?" என்றேன்.

"பைண்டிங்குக்குப் போயிருக்குன்னும் நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. 'வேற எங்கயாவது இருக்கா?' என்று நாலாவது கேள்வியைக் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.