பார்க்காத கண்ணுக்குத் தகுதி

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நன்றாக எழுதுகிறவர்கள் நடுவே நானும் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும்.

2003 வாக்கில், புனேக்கு வெளியே சாகணில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆட்களின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். நான் குடியிருந்த கட்கியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர அதே. வேலை தட்டச்சுதான். கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஒருவர் வேலையை விட்டுப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த, கம்ப்யூட்டரிடம் விவரம் கேட்கும் எஸ்.க்யூ.எல். வரிகளைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எடுக்கவும் கற்றிருந்தேன்.

அந்த வருஷம் தொழிலாளர்கள் எல்லாருக்கும் கண் பரிசோதனை. டாக்டர் தந்த முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, 'கேஸ்' என்ற கட்டளை போட்டு நிபந்தனை எழுதினேன்: முடிவு 'குறை' என்றிருந்தால் 'தகுதியில்லை', மற்றபடி 'தகுதி'. பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது.

இரண்டு நாள் கழித்து, கிரேன் ஓட்டும் மராட்டியர் ஒருவர் பேடா இனிப்பு டப்பாவோடு என் ஜன்னலுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். ஆனால் தமிழன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் அண்ணாதான்.

"எடுங்க அண்ணா. நான் டாக்டர் பக்கமே போகல, லீவு போட்டுட்டேன். இடது கண்ணுல ஒரே புகை. பார்த்திருந்தா அன்னிக்கே கீழ எறக்கியிருப்பாங்க. உங்க கம்ப்யூட்டர் பாஸ் போட்டுருச்சு!"

"அது வந்து..." என்றேன்.

"கூச்சப்படாதீங்க, இன்னொண்ணு எடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் புரிந்தது. பரிசோதனைக்கு வராதவர்களின் கட்டம் காலி. காலி என்பது 'குறை' இல்லை; அதனால் என் 'மற்றபடி' அவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டது. அவர் தூக்கி நகர்த்தும் இரும்பு அச்சுகளுக்குக் கீழே ஆட்கள் நடமாடுவார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் என் தப்பு வெளியே வரும், அவர் வேலையும் போகலாம்.

நிபந்தனையின் தலையில் இன்னொரு வரி சேர்த்தேன்: காலியாக இருந்தால், 'பரிசோதிக்கவில்லை'. பட்டியலில் ஏழு பேர் அப்படி வந்தார்கள். அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனேன்.

"ரெண்டு நாளா இது போர்டுல தொங்குதா? படிச்சவன் செய்யற வேலையை உங்ககிட்ட விட்டது என் தப்பு" என்றார். தலையை ஆட்டினேன்.

செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை நினைத்து ஒருநாளும் நிம்மதி வந்ததில்லை.

மறுநாள் காலை டாக்டர் அந்தக் கிரேன்காரரின் கண்ணைப் பார்த்தார். மதியத்துக்குள் அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள்.