பொக்குண்டுப் பள்ளங்கள்

சுயம்புலிங்கத்துக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்புதான். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர் வேலை. மூக்குக்குள் போகும் பஞ்சு, கேன்டீன் டம்ளர் விளிம்பில் எவனோ ஒட்டிவிட்டுப் போன வெற்றிலைக் கறை, டவுன் பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்குகிறவனின் எண்ணெய்த் தலை, எல்லாமே அவருக்குக் குமட்டும். முகத்தைச் சுளித்துச் சுளித்தே நெற்றியில் ஒரு மடிப்பு நிரந்தரமாக விழுந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில், அவர் மனதுக்குச் சுத்தமாகப் பட்ட ஒரே இடம் தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரக் காடு. வார லீவு அன்று சைக்கிளை எடுத்தால் அங்கேதான் போய் நிற்பார். போவது அம்பு பொறுக்க.

மழை பெய்து மண் கரைந்த பிறகு ஓடைக்கரையில் குனிந்து தேடினால் இரும்பு அம்பு முனைகள் ஒன்றிரண்டு அகப்படும். விரல் நீளம் இருக்கும், துருவேறியிருக்கும், பெரும்பாலும் முனை மழுங்கியிருக்கும். கேடயத்தில் பட்டு மழுங்கியது என்பது அவர் கட்சி. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து அடுக்கி வைப்பார். பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அவர் மனைவி அழகுத்தாய்க்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது.

"ஊரே உங்களுக்கு அசிங்கம். இந்தத் துரு மட்டும் மணக்குதாக்கும்?" என்பாள்.

ஓடைக்கு மேலே, உசிலை மரங்களுக்கு நடுவே, ஆள் இறங்கி நின்றால் இடுப்பு மறையும் வட்டப் பள்ளங்கள் கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் அந்த இடத்தைப் பொக்குண்டு என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சுயம்புலிங்கம் அதையே போட்டு மாதக்கணக்கில் மென்றார். குண்டு என்றால் பள்ளம், அது சரி. முன்னால் நிற்கும் பொக் என்ன? ஒருநாள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கையில் பிடிபட்டது. போர்க்குண்டுதான் தேய்ந்து பொக்குண்டு ஆகிவிட்டது. பாளையக்காரர் படை பதுங்கியிருந்து அம்பு விட்ட பள்ளங்கள் அவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்த சரித்திர விரிவுரையாளர் ஐயாதுரையைத் தேடிப்போய் இதைச் சொன்னார். அவர் ஒரு முனையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பொங்கல் கழிந்ததும் வருவதாகவும், அதுவரை பள்ளத்தில் யாரும் மண்வெட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். அவர் வந்து பார்த்து, இது போர்க்களம், கண்டுபிடித்தவர் சுயம்புலிங்கம் என்று ஒரு வரி எழுதினால் போதும். பஞ்சுக்குள்ளேயே கழிகிற பிறவிக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் மில் சூப்பர்வைசர் வெங்கட்ராம ராஜா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பொக்குண்டு என்ற பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏலே லிங்கம், போருமில்ல ஒண்ணுமில்ல. எங்க பாசையில பொக்குன்னா அடுப்புக்கரி. பொக்கு குண்டலு. கரி மூட்டம் போட்ட குழிலே அது."

முகத்தில் எச்சில் தெறித்தது போல இருந்தது சுயம்புலிங்கத்துக்கு. கரி சுட்ட குழியைப் பார்க்க எந்த விரிவுரையாளர் வருவார்? ராஜா சொன்னது சரி என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்தது. பள்ளத்து மண் கறுப்பாகக் கையில் ஒட்டுவதை அவரே எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார். ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

டீக்கடையில் மட்டும் அவர் வாயால் பாளையக்காரர் போர் ஓயாமல் நடந்தது. கழிவுப் பஞ்சு புரோக்கர் சிவனாண்டி தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, படை இருந்துச்சுன்னா கஜானாவும் இருந்திருக்கும்லா. பொக்குண்டுன்னா பொக்கிஷக் குண்டுதான?"

அடுப்புக்கரிடா மடையா என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். கரிக்காக எவனும் கடப்பாரை தூக்க மாட்டான். ஆனால் கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். கரி என்று வாயைத் திறந்தால் அத்தனை நாள் நடத்திய போர் போய்விடும்.

"பொக்கிஷமாவது மண்ணாவது. அது போர்க்குண்டு," என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். ஆள் எதையோ மறைக்கிறார் என்று சிவனாண்டி முடிவு கட்டிக்கொண்டான்.

மார்கழிக் கடைசியில் போனபோது காடு நாறியது. பள்ளம் ஒவ்வொன்றையும் ஆள் உயரத்துக்குத் தோண்டி, மண்ணை நாலாபக்கமும் வாரி இறைத்திருந்தார்கள். அறுத்துப் போட்ட சேவல் தலையில் எறும்பு மொய்த்தது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள், பிராந்தி பாட்டில்கள், புரோட்டா கட்டிய இலைகள். ஒரு பள்ளத்துக்குள் எவனோ வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தான். சுயம்புலிங்கம் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மனுஷ ஜென்மங்களா இவர்கள்? தங்கம் என்று சொன்னால் பெற்றவளைப் புதைத்த இடத்தையும் தோண்டுவான்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்.

தை பிறந்து ஐயாதுரை சொன்னபடி வந்தார். தோண்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, குவிந்த மண்ணைக் குச்சியால் கிளறினார். சுட்ட மண் குழாய்த் துண்டுகள், கறுத்த இரும்புக் கிட்டம், கூர் தீட்டாத அம்பு முனைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இது போர் நடந்த இடம் இல்ல. அம்பு செஞ்ச இடம்," என்றார். "குழியில கரி சுட்டு, பக்கத்துலயே உலை வச்சு இரும்பு உருக்கியிருக்காங்க. இந்தக் கிட்டம் அதோட கழிவு. இந்தக் குழாய் வழியாத்தான் துருத்தி ஊதினது. உங்ககிட்ட இருக்கிற அம்பெல்லாம் மழுங்கினது இல்ல, செஞ்சு முடிக்காதது. போர்க்களம்னு சொல்ல எத்தனையோ இடம் இருக்கு. உலை முழுசா நின்ன இடம் நான் இன்னும் பாத்ததில்ல. போன மாசம் வரைக்கும் இந்த மண்ணுக்குள்ள நின்னிருக்கு."

குந்தி உட்கார்ந்து, உடைந்த குழாய் ஒன்றை மடியில் வைத்து ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு கேட்டார்.

"இத கரிக்குழின்னு யாரும் சொல்லி நீங்க கேட்டதே இல்லையா? அம்பு கிடைக்கிற இடத்துல கரியும் இருந்தா அது உலைதான். அப்படி ஒரு பேச்சு என் காதுல விழுந்திருந்தா பொங்கல் வரைக்கும் காத்திருந்திருக்க மாட்டேன். மறுநாளே வந்திருப்பேன்."

"இல்ல சார். ஒருத்தரும் சொல்லல," என்றார் சுயம்புலிங்கம்.

பள்ளத்துக்குள் கிடந்த அசிங்கத்தைவிடத் தன் வாய்தான் அதிகமாக நாறுவதாக அவருக்குப் பட்டது. ஐயாதுரை நல்ல மனிதர். நம்பிவிட்டார்.