சோத்துக்கைப் பக்கம் பாண்டிச்சேரி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வீட்டு வாசலிலேயே தையல் மிஷின் போட்டிருந்த அப்துல் கய்யூம் பாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பக்கத்து ஜனம் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினதில்லை. பிரான்சுக்காரன் ஊராயிற்றே! அங்கே இரண்டு வருஷம் துரைமாருக்குக் கோட்டு தைத்தவர் என்று அவருக்குப் பெயர்.

வக்கீல் குமாஸ்தா ஸ்ரீரங்கன் ஒரு நாள் வந்து நின்றார்.

“பாய், நாளைக்குப் பாண்டிச்சேரி போறேன். என்ன விசேஷம், சொல்லும்.”

“விழுப்புரத்துல வண்டி மாறணும், தூங்கிடாதீங்க சாமி. ஸ்டேஷனை வுட்டு வெளிய வந்தா சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க, நேரா கடைத்தெரு. மத்தியானம் கடைய சாத்திட்டுத் தூங்குவான், சாயங்காலமா வாங்குங்க. செவப்புத் தொப்பி போலீஸ்காரன் இன்னா கேட்டாலும் இங்கிலீஷ் வேணாம், தமிழே போதும். பட்டு எடுத்தா மடிப்பைக் கலைச்சுக் கட்டிக்கினு வாங்க. சுங்கக்காரன் பொட்டியத்தான் குடைவான்.”

“ஆம்படையாள் புடவையை நான் எப்படிங்காணும் கட்டிக்கறது?”

“பஞ்சகச்சமா கட்டுங்க. எவன் பாக்கறான்?”

திரும்பி வந்த ஸ்ரீரங்கன், “நான்தான் சரியாக் கேட்டுக்கலை பாய், கடற்கரையில போய் நின்னுட்டேன்” என்றார். கய்யூம் பாய் பெரிய மனசோடு மன்னித்தார்.

அந்த மகானுபாவர் செங்கல்பட்டைத் தாண்டினதே இல்லை என்பதுதான் வேடிக்கை. ராயப்பேட்டை சுருமாக்கடை வலியுல்லாவின் சின்ன மகள் அன்வரி பேகத்தைப் பெண் கேட்டபோது விட்ட சரடு அது. அப்புறம் சுருட்ட முடியவில்லை. ஊர் விவரமெல்லாம் அளவு கொடுக்க வந்தவர்கள் சொன்னது. எதிரே நின்று, “இந்தப் பக்கம் கடைத்தெரு, அந்தப் பக்கம் கடல்” என்று கையை நீட்டுவார்கள். இவர் நாடாவைப் பிடித்தபடி மனசில் தைத்துக்கொள்வார்.

கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் ஓடிற்று. மகள் ஜஹீதாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. அன்வரி சொல்லிவிட்டாள்: “பாண்டிச்சேரிப் பட்டுதான் வேணும். நீங்களும் எங்கண்ணனும் போய்ட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் பழகின ஊரு!”

அண்ணன் உமர் ஃபாரூக்கைத்தான் அந்நாளில் மாப்பிள்ளை கய்யூமைப் பற்றி விசாரித்து வரப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார் வலியுல்லா. இரண்டு நாள் கழித்து வந்து, “கை சுத்தம், வாய் சுத்தம்” என்று சொன்னதும் அவரேதான். யாரை விசாரித்து அப்படிச் சொன்னார் என்று கய்யூம் பாய்க்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

இப்போது கல்யாண நேரத்தில் குட்டு உடைந்தால் சம்பந்தி வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது?

ரயிலில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்கள். பாண்டிச்சேரியில் இறங்கியதும், “முன்னால நடங்க மச்சான்” என்றார் கய்யூம் பாய்.

“ரெண்டு வருஷம் இருந்தவன் நீ. நீ நட.”

சோத்துக்கைப் பக்கம் திரும்பி ஜபர்தஸ்தாக நடந்தார். நடக்க நடக்கக் கடை ஒன்றையும் காணோம். கடைசியில் எதிரே கடல்.

“இன்னா கய்யூமு, மயிலாப்பூர்ல இல்லாத கடலா? கடைத்தெரு எங்க?”

கய்யூம் பாய் அளவு கொடுப்பவர்போல் இரண்டு கையையும் விரித்தார். அப்படியே அரைச்சுற்றுத் திரும்பினார்.

“யா அல்லா! எதிர்ல நின்னவன் பீச்சாங்கை எனக்குச் சோத்துக்கை ஆச்சே!” ஊர் ஜனம் முழுவதையும் வருஷக்கணக்காகக் கடலுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். “மச்சான், நான் இந்த ஊர மிதிச்சதே இல்ல.”

உமர் ஃபாரூக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். “நான் மட்டும் மிதிச்சனா? ஏன் உன் பின்னாடியே வந்தேன்? வாப்பா குடுத்த வழிச்செலவுல மெட்ராஸ்லயே வால்டாக்ஸ் ரோட்டுக் கொட்டகைல ரெண்டு நாளும் நாடகம் பாத்தேன்.”

“அப்ப ‘கை சுத்தம், வாய் சுத்தம்’னு சொன்னீங்களே?”

“நாடகத்துல மந்திரி சொன்னான். நல்லா இருந்திச்சு.”

மீன்காரியிடம் வழி கேட்டு, கடை திறக்கும்வரை காத்திருந்து பட்டு எடுத்தார்கள். அதை வேட்டிக்கடியில் சுற்றிக்கொண்டு, முட்டி மடங்காமல் வந்து சேர்ந்தார்கள்.

“ஊரு அப்டியேதான் கீதா?” என்றாள் அன்வரி.

“கண்ண கட்டி வுட்டாலும் போவாரு உன் வூட்டுக்காரரு” என்றார் உமர் ஃபாரூக்.

மறுவாரம் ஸ்ரீரங்கனின் தம்பி சுப்பராமன் வந்து வழி கேட்டார். பீச்சாங்கை என்று சொல்லக் கய்யூம் பாய் வாயைத் திறந்தார். வீட்டுத் திரைக்குப் பின்னால் அன்வரியின் வளையல் சத்தம் கேட்டது.

“சோத்துக்கைப் பக்கமே திரும்புங்க சாமி. முதல்ல கடல் காத்து, அப்பால கடைத்தெரு. அங்க அதான் மொறை.”