தங்கம்மாக்காவின் இரண்டு மங்கு

தங்கம்மாக்கா போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே... வாட்ஸ்அப்பில் மெசேஜ் பார்த்ததும் பஸ் டிப்போ பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் தோசைக் கடை வைத்திருந்தாரே, அந்தத் தங்கம்மாக்கா. எனக்கு அம்மா வயது. ஆனால் டிரைவர், கண்டக்டர், டீச்சர் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

நான் அலோர் ஸ்டார் பஸ் ஓட்டிய காலம் முழுக்க முதல் ட்ரிப்புக்கு முன்னால் அங்கேதான் டீ. சும்மா சொல்லக்கூடாது, டீ சுமார்தான். சட்னிக்காகப் போவோம்.

ஒருநாள் என் டம்ளர் மாறிவிடக்கூடாதென்று அடியில் சாவியால் ஒரு கோடு கிழித்தேன். அக்கா பார்த்துவிட்டார். திட்டவில்லை. டம்ளரை வாங்கிப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு, வேறு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

நல்ல எவர்சில்வர் டம்ளர் அது. இந்த அம்மாவுக்குக் கிறுக்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எலெக்‌ஷன் வந்தால் இன்னும் மோசம். கடையில் எந்தக் கட்சிக் கொடியும் கட்ட விடமாட்டார். ஒருமுறை இரண்டு கட்சிப் பையன்களும் கடை வாசலிலேயே நாற்காலியால் அடித்துக்கொண்டார்கள், ஒருத்தனுக்கு மண்டை உடைந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

அந்த வாரமே ஓட்டுப் போடும் நாளும் வந்தது. வாங்கக்கா, என் கெரேத்தாவிலேயே ஏற்றிக் கூட்டிப் போகிறேன், ஒரு ஓட்டுப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

"ஒரு தடவ போட்டேன் தம்பி. போதும்லா."

அப்போதுதான் சொன்னார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். ஜெராய் மலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அக்காவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான், வீட்டுக்காரர் பெயர் மாரிமுத்து.

தோட்டத்தில் சங்கக் கிளைக்குத் தலைவர் தேர்தல். கணக்கெழுதும் கிராணி ஒரு பக்கம், ஆட்களை மேய்க்கும் கங்காணி ஒரு பக்கம். யார் ஜெயிக்கிறாரோ அவர் கையில்தான் அரிசி. சயாம் ரயில் வேலைக்கு யாரை அனுப்புவது என்பதும் அவர் வாயில்தான்... போனவர்கள் திரும்பவில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு கோஷ்டியும் கம்போடு லயத்து வீடுகளுக்கு வந்து ஓட்டுக் கேட்டார்கள். மாரிமுத்து பயந்துபோய் இரண்டு பேருக்குமே வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் கிராணிக்கு, அக்கா கங்காணிக்கு.

காகிதம் கிடையாது. அதனால் மங்கு. ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். பால்வெட்டு நின்றுபோனதால் அதில்தான் எல்லோரும் பொதுக் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். மாறிவிடாமல் இருக்க ஆளாளுக்கு அடியில் ஒரு அடையாளம் கீறி வைத்திருப்பார்கள். சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு தொட்டி, கிராணிக்கு ஒன்று, கங்காணிக்கு ஒன்று, போய் உன் மங்கை வைத்துவிட்டு வா. யாருக்கும் தெரியாது.

எண்ணினார்கள். கிராணி ஜெயித்தார். கை தட்டினார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் யாரோ, கெட்ட எண்ணமெல்லாம் இல்லாமல், அவரவர் மங்கை எடுத்துக்கொண்டு கஞ்சிக்கு வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டு தொட்டியையும் திடலுக்குத் தூக்கி வந்து வைத்தார்கள்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்திருக்கிறது. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அதற்கு முன்னால் தோன்றவில்லை.

எடுக்காமல் நின்றால், கடைசியில் கிடக்கிற மங்கு யாருடையது என்று அடையாளம் சொல்லிவிடும். ஓடலாம் என்றால் ரோட்டில் ஜப்பான்காரன். இரண்டு கோஷ்டியும் பார்த்துக்கொண்டு நிற்க, மாரிமுத்து ஒரு தொட்டிக்குப் போனார், அக்கா இன்னொரு தொட்டிக்குப் போனார்.

"குனிஞ்சி எடுத்தேன் தம்பி. நிமிர முடியல."

அன்று சாயங்காலமே இரண்டு பக்கத்து ஆட்களும் தனித்தனியாக வந்தார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான், எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே எப்படி உன் வீட்டு மங்கு போனது? மாரிமுத்து சொன்ன பதில் எடுபடவில்லை.

மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போனவர் பாரிட் வாய்க்காலில் கிடந்தார், பின்மண்டை உடைந்து... கிராணி ஆட்கள் கங்காணியைச் சொன்னார்கள். கங்காணி ஆட்கள் கிராணியைச் சொன்னார்கள். பாடைக்கு முன்னால் ஒரு கோஷ்டி தோள் கொடுத்தது, பின்னால் இன்னொரு கோஷ்டி தோள் கொடுத்தது.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாதிப் பேர் பிறகு சுங்கை பட்டாணிக்குத்தான் வந்தார்கள். அக்கா கடையில்தான் சாப்பிட்டார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அவங்களுக்கு எப்படிக்கா தோசை போட மனசு வருது என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அவனுக்கு மட்டும் இல்லேன்னு சொல்லுவேன். தெரியலயே. எல்லாருக்கும் ஊத்தித்தான் ஆவணும்."

சொல்லிவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டார். நான் அன்றைக்கு ஓட்டுப் போடப் போகவில்லை. கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு கட்சிக்காரர்களும் மலர் வளையத்தோடு வந்திருந்தார்கள், அவரவர் ரிப்பனோடு. எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டார்கள். யார் முன்னால் தோள் கொடுப்பது என்று மட்டும் வாசலில் ஒரு சின்னத் தகராறு.

காப்பி கொடுத்துக்கொண்டிருந்த பையன் மார்க்கர் பேனாவை நீட்டினான். கப்பில் பேரை எழுதிக்கோங்க அங்கிள், மாறிடும் என்றான். நல்ல பையன்தான், அவனுக்கு என்ன தெரியும்.

பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் தேடினான். நான் கொடுக்கவில்லை.

போய் வாங்கக்கா... கப்பில் யார் பேரும் எழுத விடல.