எட்டரை மணி அன்பு

வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கச் சொல்லிக்கொண்டே ரேடியோவின் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினாள் ஆர்லிஸ் ரஸ்டன். சனிக்கிழமை காலை எட்டரை. பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலும் அவளுடையதுதான். ஆனால் அதைத் தேனில் ஊறப்போட்டு எடுத்திருந்தார்கள். "பிரியமான குடும்பத்தலைவிகளே, வெங்காயம் பெரிதா சிறிதா என்று பார்க்காதீர்கள். நறுக்கிய கை யாருடையது என்று பாருங்கள்" என்றது ரேடியோ. "என்ன இது, கன்னுக்குட்டிக்கா போடப்போற?" என்றாள் அடுப்படியில் நின்ற ஆர்லிஸ். மருமகள் மரிசேலா கத்தியை நிறுத்தவில்லை. இரண்டு ஆர்லிஸ்களில் எவளுக்குப் பதில் சொல்வது என்று இந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே யோசித்துப் பார்த்து, இருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

நிகழ்ச்சியின் பெயர் 'அடுப்படியில் அருள்'. ஊருக்கு வெளியே, டிராக்டர் கடைக்கும் தானியக் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் தகரக் கூரைக் கட்டடத்தில் புதன்கிழமைதோறும் பதிவு. அன்றைக்குத் தலைமுடியைச் சுருட்டி, நல்ல கோட்டு மாட்டி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டுதான் ஆர்லிஸ் காரில் ஏறுவாள். காற்றில் போகிற குரலுக்கு எதற்கு உதட்டுச் சாயம் என்று மரிசேலா ஒருமுறை மாமனார் மெர்லிடம் கேட்டாள். "அந்தக் குரலுக்கும் ஏதாச்சும் பூசணுமேம்மா" என்றார் அவர். அதற்குமேல் அவர் பேசியதில்லை. பேச்சில் அந்த வீட்டின் பங்கு முழுவதையும் ஆர்லிஸே எடுத்துக்கொண்டிருந்தாள்.

சமையல் என்று பார்த்தால் பெரிய கைமணம் ஒன்றும் கிடையாது. உருளைக்கிழங்கு, கொத்துக்கறி, டின்னில் வரும் காளான் சூப்பு மூன்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி ஓவன் அடுப்புக்குள் தள்ளினால் வருவது ஹாட்டிஷ். வாரத்தில் பாதி நாள் அதுதான். மிளகே அவளுக்குக் காரம். தேவாலயத்தில் யாராவது செத்தால், பிறந்தால், காலை ஒடித்துக்கொண்டால் ஆர்லிஸின் ஹாட்டிஷ் முதலில் போய் நிற்கும். தட்டின் அடியில் அவள் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கும். உள்ளே இருந்த பண்டத்தைப் பற்றி அவள் பிறகு விசாரித்ததில்லை. தட்டு திரும்பி வந்துவிட்டதா என்று மட்டும் விசாரிப்பாள்.

அவளிடம் இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று, "நான் ஒண்ணும் சொல்லல." அதற்கு அடுத்து வருவதெல்லாம் அவள் சொல்லாதது. "நான் ஒண்ணும் சொல்லல, ஆனா துண்டை இப்படி மடிச்சா ஈரம் எங்க போகும்?" மற்றது, "வித்தியாசமாத்தான் இருக்கு." மரிசேலா தெற்கு டெக்சஸில் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் கோடைதோறும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலில் களை கொத்த இந்த மின்னசோட்டா எல்லைவரை வந்து போனவர்கள். வந்த இடத்தில்தான் சர்க்கரை ஆலை லாரி ஓட்டும் கர்டிஸ் ரஸ்டனை அவள் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் பீன்ஸ் வேகவைத்து, மிளகாய் வதக்கிப் போட்டு மாமியாருக்குக் கொண்டுவந்தாள். ஆர்லிஸ் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். பாராட்டு என்று நினைத்து மரிசேலா இன்னொரு கரண்டி போடப் போனாள். மேசைக்கு அடியில் கர்டிஸ் அவள் காலை மிதித்தான். இந்தப் பக்கத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது என்று அன்றிரவு விளக்கினான்.

அந்த வசந்தத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. கர்டிஸ் வீட்டின் நிலவறை முழுகி, சுவரெல்லாம் பூசணம் பிடித்தது. ரெண்டே வாரம் என்று சொல்லிப் பெட்டிகளோடு ஆர்லிஸ் வீட்டு மாடி அறைக்கு வந்தார்கள். சுவரைப் பிரிக்கிறவன் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமையே ரேடியோ, "வெள்ளம் எங்களுக்கு ஒரு மகளைக் கொண்டுவந்து கொடுத்தது" என்றது. அந்த மகள் அப்போது மாமியாரின் குளிர்பெட்டியில் தன் மிளகாய்ப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அது வண்டிக்கொட்டகைக்குப் போயிருந்தது, பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில்.

அக்டோபரில், வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளை மரிசேலாவுக்குத் தங்கவில்லை.

பீட் அறுவடை நேரம். மழை வருவதற்குள் கிழங்கைத் தோண்டியாக வேண்டும் என்று லாரிகள் இரவும் பகலும் ஓடின. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கர்டிஸ் வண்டிக்குப் போனான். ஆர்லிஸ் மாடிக்கு ஒருமுறை வந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி, "எழுந்து நடமாடினாத்தான் நல்லது. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். அன்று மதியம் தேவாலயத்தில் ஒரு சாவுச் சாப்பாடு இருந்தது. ஹாட்டிஷோடு கிளம்பிப் போனாள்.

அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் கேட்ட காலடி மெர்லுடையது. கதவைத் தட்டமாட்டார். தட்டை வாசலில் வைத்துவிட்டு ஒரு தடவை இருமுவார், இறங்கிப் போய்விடுவார். முதல் நாட்களில் முட்டையும் ரொட்டியும். பிறகு ஒருநாள் கோழி சூப்பு வந்தது. சோறு போட்டு, சோளத்தைத் துண்டாக வெட்டிப் போட்டு, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்து. அவளுடைய அம்மா வைக்கிற மாதிரி. மரிசேலா கதவைத் திறந்தபோது மனிதர் படியில் பாதி இறங்கியிருந்தார்.

"இது எங்கிருந்து, மெர்ல்?"

"உங்கம்மாவுக்குப் போன் போட்டேன்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அவங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. நான் சொன்னதுல பாதி அவங்களுக்குப் புரியல. கொத்தமல்லி இந்த ஊர்ல எங்கயும் கிடைக்கல. வேற ஏதோ தழை போட்டிருக்கேன். அவங்க சொன்ன மாதிரி வரலம்மா."

வரவில்லைதான். உப்பு கூடுதல், சோறு குழைந்து கிடந்தது. மரிசேலா அடிவரைக்கும் குடித்தாள். பிள்ளை போன பிறகு முதல்தடவையாக அன்றைக்குத்தான் அழுதாள்.

நவம்பரில் நன்றி கூறும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை நால்வரும் மேசையில் இருந்தார்கள். எட்டரைக்குத் தேன்குரல் கிளம்பியது. "பிரியமானவர்களே, இந்த இலையுதிர்காலத்தில் என் மருமகள் தன் குழந்தையை இழந்தாள். அவளுக்கு என்ன சொல்வேன்? வார்த்தை இல்லை. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். தொலைவில் இருக்கும் அவள் தாயை அழைத்து, அவர்கள் வீட்டுக் கோழி சூப்பைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். கொத்தமல்லி கிடைக்கவில்லை. ஆனால் அன்பு கிடைத்தது." கர்டிஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். மெர்ல் தன் தட்டில் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்தார். ஆர்லிஸ் தன் பேச்சில் தானே உருகி, மேசைத் துண்டால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள்.

மரிசேலா எழுந்து கடைக்குப் போனாள். பாலும் ரொட்டியும் வாங்க வேண்டியிருந்தது. கல்லாவில் இருந்த பெண் பாக்கிச் சில்லறையோடு அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். "கேட்டேன்மா. நான் காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேன். உன் மாமியார் மாதிரி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்." பின்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினார். கர்டிஸின் அண்ணன்மாருக்குக்கூட எழுதாமல், தன் அம்மாவும் இந்த வீட்டாரும் அறிந்தால் போதும் என்று அவள் பொத்தி வைத்திருந்த துக்கம், இப்போது ஊரில் எல்லோர் வீட்டுக் காலை உணவிலும் வெண்ணெயோடு தடவப்பட்டிருந்தது.

திரும்பி வந்து பாலை மேசையில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"அந்த சூப்ப யாரு வச்சது?"

ஆர்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுல வச்சதுதான? யாரு கிண்டினா என்ன?"

"என் அம்மாவுக்குப் போன் போட்டது யாரு?"

"நல்ல விஷயத்த நாலு பேருக்குச் சொன்னேன். எத்தனை பொம்பளைங்க அழுதுக்கிட்டே ரேடியோ ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க தெரியுமா? அவங்களுக்கும் இப்படிப் போயிருக்கு. இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொன்னதில்லையாம்."

"அவங்க கதைய அவங்க சொல்லட்டும். என் கதைய எதுக்கு நீங்க சொன்னீங்க? மாடிக்கு ஒரு தடவை வந்தீங்க. உள்ளகூட வரல."

"நான் ஒண்ணும் சொல்லல, ஆனா…"

"சொல்லாதீங்க" என்றாள் மரிசேலா. குரல் உயரவில்லை. "என் புள்ளையப் பத்தி இன்னொரு வார்த்தை அந்தப் பெட்டியில வந்துதுன்னா நாங்க கிளம்பிடுவோம். சுவர் இல்லாத வீடா இருந்தாலும் சரி."

ஆர்லிஸ் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கம். அவள் திரும்பினால் அவர் தலையாட்டுவார். மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவங்க போனா நானும் கூடப் போவேன், ஆர்லிஸ்" என்றார். பிறகு, ரொம்பப் பேசிவிட்டோமோ என்று தோன்றியதுபோல எழுந்து வாசல் பனியைத் தள்ளப் போனார். அன்றைக்கு வாசலில் தள்ளுகிற அளவுக்குப் பனியே இல்லை.

அந்த வாரம் அடுப்படியில் பாத்திரங்கள் பேசின. மூடிகள் விழுந்தன, இழுப்பறைகள் அடித்துக்கொண்டன. நன்றி கூறும் நாளன்று வான்கோழி வறண்டுபோயிருந்தது. எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்கள். அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை, ஆர்லிஸ் வழக்கம்போல உதட்டுச் சாயத்தோடு காரில் போய் வந்திருந்தாள். கொட்டகைக்குள் வண்டி நின்ற பிறகும் வெகுநேரம் இறங்கவில்லை. அடுத்த பேச்சு மன்னிப்பைப் பற்றி இருக்கும் என்று மரிசேலா கணக்குப் போட்டாள். நன்றிகெட்ட மருமகளைப் பொறுத்துக்கொள்ளும் மாமியாரின் மன்னிப்பு. சனிக்கிழமை விடிவதற்குள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தாள்.

எட்டரைக்கு எல்லோரும் மேசையில் இருந்தார்கள். ஆர்லிஸ் அடுப்பைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றாள். ரேடியோ தொண்டையைச் செருமியது.

"ஆப்பிள் பை. மாவு இரண்டு கப். பன்றிக்கொழுப்பு முக்கால் கப். உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் ஐஸ்போல இருக்க வேண்டும். ரொம்பப் பிசையக் கூடாது." தேன் இல்லை. பிரியமானவர்கள் இல்லை. மாவு இருந்தது, கொழுப்பு இருந்தது, அடுப்பின் சூடு இருந்தது. ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தச் சொன்னாள். "அவ்வளவுதான்" என்று முடித்தாள். ஐந்து நிமிஷ நிகழ்ச்சியில் பாதிகூட ஆகவில்லை. அறிவிப்பாளர் தடுமாறி, எதிர்பாராமல் ஒரு துள்ளல் பாட்டைப் போட்டுவிட்டார்.

"சின்னதா இருந்துதும்மா" என்றான் கர்டிஸ் எச்சரிக்கையாக.

"ஆப்பிள் பை செய்யறதுக்கு அதுக்கு மேல என்ன இருக்கு?" என்று வள்ளென்று விழுந்தாள் ஆர்லிஸ். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து எதிர்பார்க்கிறவர்கள் ஜனவரிப் பனியில் அந்த ஊர் வயலில் சோளம் விளைவதையும் எதிர்பார்க்கலாம். அவள் கேட்கவில்லை. மெர்லிடமும் கேட்கவில்லை. கர்டிஸ் சாய்ந்து உட்கார்ந்ததற்கும் நாற்காலியை இழுத்த சத்தத்துக்கும் வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, கொதித்த பாலில் கோக்கோ கலக்கிக் கோப்பைகளில் ஊற்றி ஆறவிட்டாள்.

பாலில் ஏடு படிந்தால் மரிசேலாவுக்குக் குமட்டும். அதை இந்த வீட்டில் யாரிடமும் அவள் சொன்னதில்லை; யாரும் பார்க்காதபோது கரண்டியால் ஒதுக்கிவிடுவாள். ஆர்லிஸ் ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தப் போனவள், நிறுத்தினாள். மேலே சுருங்கிக் கிடந்த ஏட்டை விரலால் வழித்து எடுத்தாள். எங்கே போடுவது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கோப்பையை மருமகள் முன்னால் வைத்தாள்.