தோலோடு தோலாக

நித்யஸ்ரீ தினமும் மேக்கப் போட்டுக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால் அவள் கம்பெனியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தமான வேலை. உதட்டுச் சாயம் கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது. "உங்களுக்கு என்ன மேடம், ஸ்கின்னே அப்படி" என்று கூட வேலை பார்க்கும் பூர்ணா பெருமூச்சு விடுவாள். நித்யஸ்ரீ சிரித்து வைப்பாள். வேறென்ன செய்ய?

மகள் சாஹித்யா பிறந்த மறு வருஷம் உதட்டோரத்தில் கடுகளவு வெள்ளை தெரிந்தது. தேமல் என்று நினைத்து விட்டுவிட்டாள். அது மோவாயில் இறங்கி, மூக்கோரம் ஏறி, இடது கண்ணுக்குக் கீழே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். டாக்டருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், காலனிக்குத் தெரிய வேண்டாமா? மல்காஜ்கிரியில் அப்போது பக்கத்து வீட்டில் இருந்த பட்டு மாமி, சுண்டல் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வயிறு எரிய எரிய அழுதவள், அழுது முடித்ததும் முடிவு செய்தாள்: இனி இந்த முகம் வீட்டு வாசலைத் தாண்டாது. வீட்டை மாற்றினார்கள். வேலையையும் மாற்றினாள்.

மறைக்கக் கற்றுக்கொண்டது ஒன்றும் லேசில் இல்லை. முதலில் மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்கிய ஃபவுண்டேஷன், டியூப்லைட் வெளிச்சத்தில் ராஜாத்தி மாதிரி இருந்தது. தெருவில் வெயில் பட்டதும் முகம் சாம்பல் பூத்துப்போய், கழுத்து ஒரு நிறம், கன்னம் ஒரு நிறமாக நின்றது. பிறகுதான் புத்தி வந்தது. நிறத்தைத் தாடையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரே நிறம் போதாது, இரண்டைக் குழைக்க வேண்டும். தேய்த்தால் திட்டுத் திட்டாகும். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ஓரத்தில் கோடு தெரியாமல் கழுத்துவரை இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் பூச்சு தோலோடு தோலாகப் படிந்துவிடும். தண்ணீர் தெளித்தாலும் அசையாது, சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

கணவன் கிருஷ்ணபிரசாத் பாதுகாப்புத் துறை ஆபீஸில் வேலை பார்ப்பவன். தங்கமான மனுஷன்தான். காலையில் அவள் கண்ணாடி முன்னாலிருந்து திரும்பினால், "ஹவ், ஆமா, இப்போ ஒண்ணுமே தெரியல" என்பான். அன்பாகத்தான் சொல்வான். ஒருநாளாவது "நக்கோ, இன்னிக்கு இது வேணாம்" என்று சொல்ல மாட்டானா என்று காத்துக் காத்து அவளுக்கு அலுத்துப்போயிற்று.

அவள் வேலை பார்ப்பது ஜீடிமெட்லாவில், ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. மருந்தைக் குப்பியில் நிரப்பும் அறைக்குள் தூசி ஆகவே ஆகாது. பவுடர், மை, பொட்டு என்று எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விரட்டுகிறவளே அவள்தான். அவளுக்கு உள்ளே போகிற வேலை இல்லை, வெளியே ஆபீஸில்தான் நாற்காலி. போன மாதம் மிஷின் ஆபரேட்டர் ராமசுவாமி நெற்றியில் விபூதியோடு உள்ளே போகப் பார்த்தபோது கையும் களவுமாகப் பிடித்தது அவள்தான். அதற்கு முன்னாலும் ஒருமுறை மாட்டியவர். இன்னொருமுறை என்றால் வேலை போய்விடும் என்று எச்சரித்து விட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை, வழக்கமாக உள்ளே போய்க் கண்காணிக்கிறவர் வரவில்லை. "நீங்க போயிடுங்க நித்யஸ்ரீ, கொஞ்ச நேரம்தான்" என்றார் மேனேஜர் அனந்தகிருஷ்ணன். என்ன காரணம் சொல்லி மறுப்பது? உடை மாற்றும் அறையில் பூர்ணா வேறு பக்கத்துக் குழாயில் நின்று பேசிக்கொண்டே முகம் கழுவினாள். சோப்பைத் தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நித்யஸ்ரீ தண்ணீரை மட்டும் முகத்தில் அடித்துக்கொண்டு துடைத்தாள். மேலே முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தலையோடு மூடிய உறை என்று இத்தனை இருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே கண்ணுக்குக் கீழே முகமூடி ஓரம் அரித்தது. ஒரே ஒருமுறை கையுறையால் அதை நகர்த்தி விட்டாள். சற்று நேரத்தில் காற்றில் தூசியை அளக்கும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷினை நிறுத்தினார்கள். அன்றைக்கு நிரப்பிய மருந்து அத்தனையும் குப்பைக்கு. வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது அதன் உள் ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது. சுருட்டிக் கூடையில் போட்டாள்.

மத்தியானம் மேனேஜர் அறையில் விசாரணை. விசாரிக்க என்ன இருக்கிறது, எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, ராமசுவாமியின் விபூதி.

"இன்னிக்குப் பிரதோஷம் சார். காலைல வெச்சிருந்தேன், ஹவ், இல்லேங்கல. ஆனா சோப்பு போட்டு அழுத்திக் கழுவிட்டுத்தான் உள்ள போனேன்" என்றார் ராமசுவாமி. "கைக்கு சார், எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? எனக்கு இந்த வேலைய விட்டா வேற தெரியாது."

"மூணாவது தடவை, ராமசுவாமி. எனக்கு வேற வழியில்ல." மேனேஜர் நித்யஸ்ரீயிடம் திரும்பினார். "நீங்கதான உள்ள இருந்தீங்க. போன தடவை பிடிச்சதும் நீங்க. இவர் நெத்தியில இருந்துதா இல்லையா, சொல்லுங்க."

தலையை ஆட்டினால் போதும். ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஒருத்தர் சோற்றில் மண்ணைப் போடுகிற பாவம் இது என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. நாளைக்குப் பூர்ணா என்னோடு சாப்பிட உட்காருவாளா என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. ராமசுவாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து போனாள்.

குழாயடியில் சோப்பைக் குழைத்து, தோல் எரிகிறவரை தேய்த்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, பார்த்தால் கால் திரும்பி நடக்காது என்று தெரியும். நேரே வந்து, பழுப்பேறிய கைக்குட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் சார் காரணம். மேக்கப்போட உள்ள போனது நான். அவர் மேல தப்பில்ல."

மேனேஜர் கைக்குட்டையைப் பார்த்தார், அவளை அதிகம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க வேலைக்குப் போங்க ராமசுவாமி" என்றார். ராமசுவாமி நகரவில்லை.

திட்டுவார் என்று நித்யஸ்ரீ நின்றாள். அவர் திட்டவில்லை. நல்ல மனுஷர், ஒரு பெண்பிள்ளை அரைகுறையாகக் கழுவிய முகத்தோடு எல்லார் முன்னாலும் நிற்கிறாளே என்று அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது. டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"வாயோரத்துல, கண்ணுக்குக் கீழல்லாம் இன்னும் வெள்ளையா ஒட்டிட்டிருக்கும்மா. அதையும் தொடைச்சிடுங்க."

"அது மேக்கப் இல்ல சார்" என்றாள் நித்யஸ்ரீ. "அதுதான் என் முகம்."